திமிங்கிலம் பார்க்கப் போகிறீர்களா? தள்ளி நின்று பாருங்கள்!

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசிச் சீமைக்கே ஒரு களை வந்துவிடுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று, மேகத்தையும் கையோடு அழைத்து வருகிறது. பேரருவியில் தண்ணீர் கொட்டுகிறது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து குவிகிறார்கள். அருவிக்கு அடியில் நிற்கிறார்கள். ஈரத்துண்டு உலர்வதற்கு முன்பே சுடச் சுட மிளகாய் பஜ்ஜியைத் தேடுகிறார்கள்.

நம் தலையில் விழுந்த அந்தத் தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்று யோசித்தது உண்டா?

அது சிற்றாறாக ஓடுகிறது. தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போகிறது. சீவலப்பேரி அருகே தாமிரவருணியில் கலக்கிறது. புன்னைக்காயல் பக்கம் போய் மன்னார் வளைகுடாவில் சேருகிறது.

அந்தக் கடலில் திமிங்கிலங்கள் இருக்கின்றன. ஓங்கில்கள் கூட்டம் கூட்டமாகத் துள்ளுகின்றன. தாமிரவருணியின் தலை நமக்குத் தெரியும், பொதிகையைக் கும்பிடுகிறோம். அதன் காலடியில் என்ன இருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரியாது.

திமிங்கிலத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் பெரும்பாலும் இரண்டே விதமான செய்திகள்தான் வருகின்றன. ஒன்று, "திமிங்கிலம் செத்துக் கரை ஒதுங்கியது" என்பது. மற்றது, "அம்பர்கிரிஸ் கடத்தியவர்கள் பிடிபட்டனர்" என்பது. அம்பர்கிரிஸ் திமிங்கிலத்தின் எச்சில் என்றும் வாந்தி என்றும் எழுதிவிடுகிறோம். உண்மையில் அது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிற ஒரு கட்டி. அந்தத் திமிங்கிலம் விழுங்கும் கணவாய் மீன்களின் கூரிய அலகு செரிக்காமல் குடலை உறுத்தும்போது, அதைச் சுற்றி இந்தப் பொருள் திரள்கிறது.

செத்த திமிங்கிலத்தையும், திமிங்கிலத்தின் கட்டியையும் அறிந்த நமக்கு, உயிருள்ள திமிங்கிலத்தை அறிமுகம் இல்லை. மீனவர்கள் மட்டுமே அதைப் பார்த்திருக்கிறார்கள்.

உயிரோடு ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில், குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஆனி மாதத்தில் நான் திருகோணமலைக்குப் போனேன். அங்கே படகில் கழிந்த ஒரு நாள், எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. அந்தப் பாடம் நமக்கெல்லாம் தேவைப்படும் காலம் வந்துகொண்டிருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒரே காற்று

திருகோணமலைக்கு ஏன் போக வேண்டும்? அதற்குக் காரணம் குற்றாலத்துக் காற்றுதான்!

குற்றாலத்தில் சாரலை உதிர்த்துவிட்டு மலையை விட்டு இறங்கும் தென்மேற்குக் காற்று, நெல்லைச் சீமையில் வறண்டு வீசி, மன்னார் வளைகுடாவைக் கலக்கி, இலங்கைக்குப் போகிறது. அந்த மாதங்களில் இலங்கையின் மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கரைக்கோ, தீவே ஒரு மதில் போல நின்று மறைவு கொடுக்கிறது. ஆகையால், தெற்கே மிரிசையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை திமிங்கிலம் பார்க்கப் படகு விடுகிறவர்கள், மழைக்காலத்தில் கடையைக் கட்டிவிடுகிறார்கள். அதே சமயத்தில், மே முதல் ஆகஸ்டு வரை, திருகோணமலையில் படகுகள் கிளம்புகின்றன. குற்றாலத்துச் சீசனும் திருகோணமலைச் சீசனும் ஒன்றுதான்.

இந்தக் காற்றுக்கு நம் தூத்துக்குடி மீனவர்கள் வைத்திருக்கும் பெயர் கச்சான். திருகோணமலையிலும் அதே பெயர்தான். ஆனால் அங்கே வேர்க்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர்! கடற்கரையில் நின்று, "கச்சான் எப்படி?" என்று நான் விசாரித்தபோது, ஓர் அம்மாள் கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

இரண்டு ஊருக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. திருக்குற்றாலத்துக்கும் திருக்கோணமலைக்கும் பதிகம் பாடியிருப்பவர் ஒருவரே: திருஞானசம்பந்தர். குற்றாலத்தை நேரில் கண்டு பாடியவர், கோணமலையை மட்டும் கடல் கடக்காமல் இராமேசுவரத்தில் நின்றே பாடினார் என்பது வரலாறு. தூர நின்று பார்த்தாலும் நன்றாகப் பார்க்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. இதை நான் பிறகுதான் நினைத்துக்கொண்டேன்.

திருகோணமலையில் மற்றோர் அதிசயம், கடலின் ஆழம். பெரும்பாலான கரைகளில் வெகுதூரம் போனால்தான் ஆழ்கடல் வரும். இங்கே கடலுக்கு அடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு, துறைமுகத்து வாயில் வரைக்கும் வந்து நிற்கிறது. ஆழத்தை விரும்பும் திமிங்கிலம், கரைக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. கோணேசர் கோயில் பாறையின் மேல் நின்று கொண்டே நீலத் திமிங்கிலத்தைப் பார்த்தவர்கள் உண்டு.

1980களின் தொடக்கத்திலேயே "துலிப்" என்ற சிறிய ஆராய்ச்சிப் படகில் விஞ்ஞானிகள் இங்கே வந்து திமிங்கிலங்களை ஆராய்ந்தார்கள். 1983ல் மூண்ட போர் எல்லாவற்றையும் நிறுத்தியது. 2009ல் போர் முடிந்த பிறகே, கடலைப் பார்க்க ஜனங்கள் மறுபடியும் வரத் தொடங்கினார்கள்.

ஓங்கில்களின் ஆட்டம்

காலை 6 மணி. சூரியன் அப்போதுதான் கடலை விட்டு எழும்பியிருந்தது. ஃபைபர் படகு ஒன்றில் ஏழு பேர் ஏறினோம். எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை மாட்டினார்கள். படகை ஓட்டியவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சீசன் இல்லாத மாதங்களில் மீன்பிடிக்கப் போகிறவர். சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பமும், வெளிநாட்டுத் தம்பதி இருவரும் என்னோடு வந்தார்கள்.

கோணேசர் மலை சிறுத்துக்கொண்டே வந்தது. தண்ணீரின் நிறம் பச்சையிலிருந்து நீலமாகி, நீலத்திலிருந்து மைக்கறுப்பாக மாறியது. "இனி ஆழம்" என்றார் படகோட்டி.

ஒரு மணி நேரம் சென்றிருக்கும். படகின் வலப்பக்கம் தண்ணீர் கொதிப்பது போலத் தெரிந்தது. அடுத்த கணம், ஒரு கரிய உடல் கடலைக் கிழித்துக்கொண்டு மேலே எழுந்தது. எழுந்ததோடு நிற்கவில்லை. பம்பரம் போலத் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, சளாரென்று விழுந்தது! அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை.

இவைதான் சுழல் ஓங்கில்கள். நம் ஊரில் கடற்பன்றி என்றும் சொல்வார்கள். மீனைப் போலத் தோன்றினாலும் மீன் அல்ல. நம்மைப் போலவே வெப்ப இரத்தம் உள்ளவை. குட்டி போட்டுப் பால் கொடுப்பவை. நுரையீரலால் மூச்சு விடுபவை. திமிங்கிலமும் இதே ஜாதிதான். ஆகையால், கடலுக்குள்ளேயே பிறந்து கடலுக்குள்ளேயே சாகிற இந்தப் பிராணிகள், ஒவ்வொரு மூச்சுக்கும் கடலை விட்டு மேலே வந்தாக வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லப் போவது முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

நானும் கத்தினேன்!

எட்டு மணிக்குப் படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு தொடுவானத்தைப் பார்த்தார்.

"அங்க பாருங்கோ. ஊதுது!"

தூரத்தில் ஒரு வெண்புகை, பனைமரம் போல எழுந்து கலைந்தது. நீலத் திமிங்கிலம் விடும் மூச்சு அது. 30 அடி உயரம் வரைக்கும் எழும். பெரிய தீயணைப்புக் குழாயைத் திறந்தது போன்ற ஓசை, சற்றுத் தாமதமாக வந்து காதில் விழுந்தது. பிறகு ஒரு முதுகு தெரிந்தது. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது! நம் அரசாங்கப் பஸ் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு நீளம் இருக்குமோ, அவ்வளவு நீளம்.

புராணங்களில் "திமி" என்று ஒரு பெருமீனைச் சொல்வார்கள். அந்தத் திமியை விழுங்குவது திமிங்கிலம். திமிங்கிலத்தையும் விழுங்குவது திமிங்கிலகிலம். உலகத்திலேயே பெரிய பிராணியான நீலத் திமிங்கிலத்தின் கதையோ நேர் எதிர். அதற்குப் பல்லே கிடையாது. இலங்கைக் கடலில் அது தின்பது கூனி இறாலைப் போன்ற பொடி இறால்களை!

அந்த முதுகைக் கண்டதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. "கிட்டப் போங்க! இன்னும் கிட்டப் போங்க!" என்று எல்லோரும் கூச்சலிட்டோம். செல்போனில் படம் சரியாக விழவில்லை என்று ஒருவருக்குக் கவலை. நானும் கத்தினேன். கத்தியதோடு நில்லாமல், "கூட ஆயிரம் ரூபாய் தருகிறேன்" என்றும் சொன்னேன்.

படகோட்டி என்னை ஒரு முறை பார்த்தார். "வேண்டாம் தம்பி. அது மூச்சு எடுக்கட்டும்" என்றார். எஞ்சினைத் தொடவே இல்லை.

மற்றப் படகுகள் அப்படி இருக்கவில்லை. எங்கிருந்தோ நான்கு படகுகள் பறந்து வந்தன. ஒன்று முன்னால் குறுக்கிட்டது. இரண்டு பக்கவாட்டில் துரத்தின. ஒரு மூச்சு விட்டது. இரண்டாவது மூச்சு விட்டது. மூன்றாவது மூச்சுக்குத் திமிங்கிலம் நிற்கவில்லை. வால் மேலே எழும்பியது, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு கணம் நின்றது, உள்ளே போய்விட்டது.

படகுகளில் கைதட்டினார்கள். வால் தெரிந்ததே, படம் கிடைத்ததே என்று சந்தோஷம்! அந்த வால் எழுந்தது நமக்கு விடை கொடுக்க அல்ல. அது பாதி மூச்சோடு ஓடிப்போன அடையாளம்.

நான்கு படகுகளும் வேறு புகையைத் தேடிப் போய்விட்டன. எங்கள் படகோட்டி மட்டும் நகரவில்லை. திமிங்கிலம் முங்கிய இடத்தில், எண்ணெய் ஊற்றினாற்போல ஒரு வட்டம் அலையில்லாமல் பளபளத்தது. வால் அடித்த அடியில் உண்டாகும் தடம் அது. அதைப் பார்த்தார், அது போன திசையைக் கணக்கிட்டார், கடிகாரத்தைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. பதினைந்து நிமிஷம் ஆயிற்று. குழந்தை கூடப் பேசவில்லை.

திடீரென்று, நாங்கள் எதிர்பார்த்த இடத்துக்குச் சற்று இடப்புறமாக, அந்தப் பெருமூச்சு கேட்டது. இரண்டு கால்பந்து மைதானத்தின் தூரம் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அவசரம் இல்லாமல் ஒன்பது மூச்சு விட்டது. பிறகுதான் வாலைத் தூக்கியது.

முதலில் கண்டது நாங்கள் துரத்திய திமிங்கிலம். இரண்டாவது கண்டது, தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருந்த திமிங்கிலம். எது காட்சி என்று கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கரைக்கு வந்ததும், நான் கொடுப்பதாகச் சொன்ன ஆயிரம் ரூபாயை நீட்டினேன். கிட்டப் போகாததற்காக வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அந்த ஒன்பது மூச்சு

கிட்டப் போனால் என்ன? நாம் ஈட்டியா எறிகிறோம்? பார்க்கத்தானே போகிறோம்? அத்தனை பெரிய பிராணியை நம் சிறு படகு என்ன செய்துவிடும்? இப்படித்தான் எல்லோரும் கேட்பார்கள். விடை அந்த ஒன்பது மூச்சில் இருக்கிறது.

2019ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஓர் அரிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கலிபோர்னியாக் கடலில் நீலத் திமிங்கிலம் ஒன்றின் மேல், உறிஞ்சிப் பிடிக்கும் குமிழ்களின் உதவியால் ஒரு கருவியை ஒட்டவைத்து, அதன் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். ஆழத்தில் இருக்கும்போது அந்த இதயம் நிமிஷத்துக்கு இரண்டே தடவை துடித்த சமயமும் உண்டு. மேலே வந்து மூச்சு விடும்போதோ, நிமிஷத்துக்கு 25 முதல் 37 தடவை துடித்தது. அதற்கு மேல் அந்த இதயத்தால் துடிக்க முடியாது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

இதன் பொருள் என்ன? கடலின் மேல் மிதக்கும் திமிங்கிலம் ஓய்வெடுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அதுதான் தவறு. அந்தச் சில நிமிஷங்களில்தான் அது மூச்சு முட்ட வேலை செய்கிறது. ஆழத்தில் செலவழித்த பிராணவாயுவை எல்லாம் திரும்ப நிரப்பிக்கொள்கிறது. அந்தச் சமயம் பார்த்துப் படகு துரத்தினால், நிரப்பாமலே முங்குகிறது. சீக்கிரம் திரும்ப வேண்டியிருக்கிறது. இரை தேடும் நேரம் குறைகிறது. ஒரு படகு, ஒரு நாள் என்றால் பாதகமில்லை. பல படகுகள், பல மாதம் என்றால்?

இந்தக் கடலில் திமிங்கிலம் இரை தேடுகிறது என்பதே, அண்மைக் காலத்தில் தெளிவான சங்கதி. நீலத் திமிங்கிலங்கள் குளிர்ந்த கடலில்தான் இரை எடுக்கும், வெப்பக் கடலுக்குக் குட்டி போடத்தான் வரும் என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 2003ல் ஆஷா டி வோஸ் என்ற இலங்கைப் பெண் விஞ்ஞானி, ஆராய்ச்சிக் கப்பலில் போனபோது, திமிங்கிலங்களின் நடுவே செந்நிறக் கழிவு மிதப்பதைக் கண்டார். கழிவு இருந்தால் தீனியும் இங்கேதானே இருக்க வேண்டும்? அந்த எளிய கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் ஆராய்ந்தார். பல திமிங்கிலங்கள் துருவக் கடலுக்குப் போகாமல், நம் கடலையே வீடாகக் கொண்டவை என்று தெரிந்தது.

அப்படியானால், அவை விருந்தாளிகள் அல்ல. இந்தக் கடல் அவற்றின் வீடு. படகில் போகும் நாம்தான் விருந்தாளிகள்!

அந்த வீட்டுக்குப் பெரிய ஆபத்து, பெரிய கப்பல்களால் வருகிறது. இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையை ஒட்டி, உலகத்தின் நெருக்கடியான கப்பல் பாதைகளில் ஒன்று செல்கிறது. திமிங்கிலங்கள் இரை எடுக்கும் இடமும் அதுவே. கப்பல் மோதித் திமிங்கிலங்கள் சாகின்றன. 2022ல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம், தன் கப்பல்களை 15 கடல் மைல் தெற்கே தள்ளிச் செல்லுமாறு செய்தது. மலை போன்ற கப்பலே தள்ளிப் போக முடிகிறது. நம் படகு நூறு மீட்டர் தள்ளி நிற்க முடியாதா?

மணப்பாட்டில் நடந்தது

கிட்டப் போக வேண்டிய சமயமும் ஒன்று உண்டு. அதை நமக்குக் கற்பித்தவர்கள் மணப்பாட்டுப் பக்கத்து மீனவர்கள்.

திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கும் மணப்பாடு, தென்காசிக்காரர்களுக்குத் தூரத்து ஊர் அல்ல. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இன்னும் சில மணி நேரம் நடந்தால் எட்டிவிடலாம். அங்கே 1973 ஜனவரி 14ந் தேதி, பைலட் திமிங்கிலங்கள் 147 கூட்டமாகக் கரையேறின. நாற்பத்து மூன்று வருஷங்கள் சென்றன. 2016 ஜனவரியில் மறுபடியும் அதே கரையில், அதே ஜாதித் திமிங்கிலங்கள், 80க்கு மேற்பட்டவை வந்து மணலில் புரண்டன.

மீனவர்கள் சும்மா நிற்கவில்லை. தள்ளினார்கள். கயிறு கட்டிப் படகோடு இழுத்தார்கள். ஆழமான இடத்தில் கொண்டு போய் விட்டார்கள். விட்டவற்றில் பல மறுபடியும் கரைக்கே திரும்பின. கூட்டத்தை விட்டுப் பிரியாத ஜாதி அது. தன் இனம் கரையில் கிடக்க, தான் மட்டும் கடலுக்குப் போக அதற்கு மனம் வரவில்லை போலும்! ஒரு பகுதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. நாற்பதுக்கு மேற்பட்டவை இறந்துபோயின. குழி தோண்டிப் புதைத்தார்கள்.

அன்று அந்த மீனவர்கள் திமிங்கிலத்தைத் தொட்டார்கள். அதற்குப் படம் காரணமல்ல, உயிர் காரணம். துன்பத்தில் இருக்கும்போது கிட்டப் போக வேண்டும்; சுகமாக இருக்கும்போது தள்ளி நிற்க வேண்டும். மனிதர்களுக்குள் நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. திமிங்கிலத்திடமாவது ஒழுங்காக நடந்துகொள்வோமே!

வேட்டை போய் வேடிக்கை வந்தது

உலகம் இந்தப் பிராணிகளை வேட்டையாடிய காலம் வெகுநாளைக்கு முன்னால் அல்ல. விளக்கெரிக்க எண்ணெய்க்காகவும், பிறகு சோப்புக்காகவும் செயற்கை வெண்ணெய்க்காகவும் லட்சக்கணக்கில் கொன்றார்கள். 1979ல்தான் இந்து மகா சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயம் என்று சர்வதேசத் திமிங்கிலக் கமிஷன் அறிவித்தது. வியாபாரத்துக்காகத் திமிங்கிலம் கொல்வதை நிறுத்த வேண்டும் என்ற அதன் முடிவு 1986ல் அமலுக்கு வந்தது.

வேட்டை ஓய்வதற்கு முன்பே, வேடிக்கை தொடங்கிவிட்டது. 1955ல் அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் ஒரு மீனவர், ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு, திமிங்கிலம் காட்டப் படகு விட்டார். 2008ஆம் ஆண்டில் உலகெங்கும் 119 நாடுகளில் 1 கோடியே 30 லட்சம் பேர் இப்படிப் படகேறிப் போனார்கள் என்று ஒரு கணக்கு சொல்கிறது. செத்த திமிங்கிலத்தை ஒரு தடவைதான் விற்க முடியும். உயிருள்ள திமிங்கிலத்தையோ ஆயிரம் தடவை காட்டலாம்! இது நல்ல மாறுதல்தான். மறுப்பார் இல்லை.

ஆனால் ஆயிரம் தடவை காட்ட வேண்டுமானால், அது ஆயிரம் தடவையும் அங்கே வர வேண்டும் அல்லவா?

நம் கரையில் என்ன செய்யலாம்?

நம்மிடமும் கடல் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து, 1986ல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். 1989ல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பை உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கினார்கள். திமிங்கிலம், ஓங்கில், கடற்பசு ஆகியவற்றுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியல் காப்பு அளிக்கிறது. புலிக்கு என்ன காப்போ, அதே காப்பு.

இராமநாதபுரம் ஜில்லாவில் காரங்காடு என்ற கிராமத்தில், ஊர் ஜனங்களும் வன இலாகாவும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குப் படகு விடுகிறார்கள். வருகிறவர்களுக்கு ஊர்ப் பெண்களே சமைத்துப் போடுகிறார்கள். இதைப் போல ஓங்கில் பார்க்கவும் படகு விடலாமே என்று ஒருநாள் யாராவது கேட்கத்தான் போகிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் படகு வருவதற்கு முன் ஒழுங்கு வர வேண்டும். படகு வந்த பிறகு ஒழுங்கு வருவது கடினம்.

இலங்கையில் 2012ல் விதிகள் வந்தன. 100 மீட்டருக்குள் திமிங்கிலத்தை நெருங்கக் கூடாது என்பது அதில் முக்கியமானது. விதி இருந்தும் மீறுகிறார்கள் என்பதை என் கண்ணால் பார்த்தேன். மீறச் சொல்லித் தூண்டுகிறவர் யார்? படகோட்டி அல்ல. சீட்டு வாங்கிக்கொண்டு படகில் உட்கார்ந்திருக்கும் நாம்தான்! ஆயிரம் ரூபாய் கூடத் தருகிறேன் என்று சொன்னவன் நான்தானே?

ஆகையால், நம் கரையில் இது வருமானால், சில ஏற்பாடுகள் வேண்டும்.

திமிங்கிலத்தின் முன்னால் குறுக்கிடக் கூடாது. பின்னால் துரத்தக் கூடாது. பக்கவாட்டில், தூரத்தில், மெல்லப் போக வேண்டும். குட்டியோடு இருந்தால் இன்னும் தள்ளி நிற்க வேண்டும். ஒரு திமிங்கிலத்தைச் சுற்றி ஒரே சமயத்தில் இரண்டு, மூன்று படகுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அரைமணிக்கு மேல் ஒரே பிராணியைத் தொடரக் கூடாது.

படகு ஓட்டும் உரிமை அந்தந்த ஊர் மீனவர்களுக்கே கிடைக்க வேண்டும். தடத்தைப் பார்த்துத் திசை சொல்லும் அறிவு அவர்களிடம்தான் இருக்கிறது. எத்தனை மணி நேரம் கடலில் போனோம் என்பதற்குத்தான் கூலி இருக்க வேண்டும்; எவ்வளவு கிட்டப் போனோம் என்பதற்கு இருக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, "திமிங்கிலம் நிச்சயம் காட்டப்படும்" என்று யாரும் போர்டு மாட்டக் கூடாது. வாக்குக் கொடுத்துவிட்டால், துரத்தித்தான் ஆக வேண்டும். "கடல் காட்டப்படும். வந்தால் திமிங்கிலமும் வரும்" என்று சொன்னால் போதும்.

குற்றாலம் சொல்லும் புத்தி

அருவியை நேசித்தே அருவியைக் கெடுத்தவர்கள் நாம். எண்ணெயும் சோப்பும் ஷாம்பூவும் கரைத்துக் கரைத்து, கடைசியில் 2014ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே தலையிட்டு அவற்றை அருவியில் உபயோகிக்கக் கூடாது என்று உத்தரவு போட நேர்ந்தது. அருவியை யாரும் வெறுத்துக் கெடுக்கவில்லை. ஆசைப்பட்டே கெடுத்தோம். அந்த நுரையும் சிற்றாற்றில் போய்த்தான் ஆக வேண்டும். சிற்றாறு கடலில் போய்த்தான் ஆக வேண்டும்.

ஆனால் அதே குற்றாலத்தில் ஒரு நல்ல வழக்கமும் இருக்கிறது. பேரருவியில் வெள்ளம் பெருகி ஆர்ச்சைத் தாண்டி விழத் தொடங்கினால், போலீஸ்காரர் விசில் ஊதுகிறார். அத்தனை கூட்டமும் வெளியே வந்துவிடுகிறது. பாலத்தின் மேல் நின்று பார்க்கிறது. அப்போதுதான் அந்த அருவி எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் தெரிகிறது. "குளிக்க முடியவில்லையே" என்று முணுமுணுப்பவரும், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்.

கடலில் விசில் ஊதப் போலீஸ்காரர் இல்லை. அந்த விசிலை நாமேதான் நமக்கு ஊதிக்கொள்ள வேண்டும்.

அருவிக்கு அடியில் நிற்பவனுக்குத் தண்ணீர்தான் தெரியும். தள்ளி நிற்பவனுக்குத்தான் அருவி தெரியும்.